சோல் பிரிகிறதா? பிரிந்த முகத்தைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

நவம்பர் மாதத்து மழைக்காலை ஒன்றில், முந்தைய இரவு ஒட்டி அடுக்கியிருந்த நாற்பது ஜோடி ஷூக்களில் ஒன்றை எடுத்து முனையை வளைத்துப் பார்த்தேன். வாழைப்பழத் தோல் உரிவதுபோல் சோல் உரிந்து வந்தது. சத்தமே இல்லை. நன்றாகப் பிடித்த ஒட்டு அப்படிப் பிரியாது. பிரித்தால் கெட்டித் துணி கிழிகிற சத்தம் கேட்கும். உடனிருந்த பையன், "பசை கெட்டுப்போய்விட்டது அண்ணா" என்றான். நானும் நம்பிப் புது டின் திறந்தேன். அதுவும் உரிந்தது. வேறு கம்பெனிப் பசை வாங்கினேன். அதுவும் உரிந்தது. மூன்று நாளும் மூன்று டின்னும் போன பிறகுதான் பிரிந்த சோலை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். காரணம் அதில் எழுதாத குறையாக இருந்தது. அதைக் கீழே மூன்றாம் அறிகுறியில் சொல்கிறேன்.

ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையின் சோல் ஒட்டும் வரிசையில் பதினெட்டு ஆண்டுகள், இப்போது வேலூரில் சொந்தப் பட்டறையில் ஏழு ஆண்டுகள் இதே வேலை செய்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வடஆர்க்காட்டில் தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள் பல. எல்லா ஊரிலும் சோல் பிரிந்தால் முதலில் திட்டு வாங்குவது பசைதான். பெரும்பாலும் அது நிரபராதி.

## எதையும் மாற்றுவதற்கு முன்

ஒரு ஜோடியைப் பலி கொடுங்கள். ஒட்டி 24 மணி நேரமாவது ஆன ஷூவாக இருக்கட்டும், பி.யு. (பாலியூரித்தேன்) பசை முழு வலுவை எட்ட இரண்டு மூன்று நாள் ஆகும், சுடச்சுட இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். குறடால் சோலின் முனையைப் பிடித்து மெதுவாகப் பிரியுங்கள். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மூன்றைப் பாருங்கள்: பசை எந்தப் பக்கம் போயிற்று, அதன் முகம் பளபளக்கிறதா மங்கியிருக்கிறதா, விரல் வைத்தால் ஒட்டுகிறதா.

இந்தப் பார்வை போதும் என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஒட்டுதல் என்பது ஆணி அடிப்பதுபோல அல்ல. பசையின் மூலக்கூறும் தோலின் மூலக்கூறும் தொடாத குறையாக நெருங்கும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுவை நானோமீட்டர் தூரத்துக்குள்தான் வேலை செய்யும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். பட்டறைக் கூரையில் தலைகீழாக ஓடும் பல்லிக்குக் காலில் பசை கிடையாது. பாதத்தில் உள்ள மிக நுண்ணிய மயிர்கள் சுவரோடு அவ்வளவு நெருங்குவதால்தான் அது விழாமல் நிற்கிறது. அந்த இடுக்கில் எண்ணெயோ தூசியோ ஈரமோ புகுந்தால் இழுவை போய்விடும். பசை எந்தப் பக்கத்தைக் கைவிட்டதோ அந்தப் பக்கத்தில்தான் இடையில் ஏதோ புகுந்திருக்கிறது.

## அறிகுறி 1: பசை முழுக்கச் சோலில், மேல்தோல் (ஷூவின் மேற்பகுதித் தோல்) பக்கம் வெறுமை

### பசையின் மேல் தோலின் நிறம் ஒட்டியிருந்தால்

கறுப்புத் தோல் என்றால் பசைமீது மெல்லிய கறுப்புப் படலம் தெரியும். நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. தோலின் மேல் அடித்த சாயப்பூச்சுதான் கழன்று வந்திருக்கிறது. ரஃபிங், அதாவது ஒட்டுமுன் தோலை உரசுவது, போதவில்லை என்று பொருள். சோல் உட்காரும் கோடுவரை பூச்சு முழுதும் போய், வெல்வெட் துணிபோல் நார் எழும்பும்வரை உரசுங்கள். உரசும் சக்கரம் தேய்ந்திருந்தால் அது தோலைக் கிழிக்காது, சூடேற்றி மெழுகும். சக்கரத்தை மாற்றுவதுதான் இங்கே முதல் செலவு.

அதற்காக வெறி கொண்டு உரசவும் கூடாது. பிரித்த சோலில் பசையோடு தோலின் நாரே பிய்ந்து கனமாக வந்திருந்தால், பசை தோலைவிட வலுவாக இருந்தது என்று அர்த்தம். அது பசைக் கோளாறு அல்ல. உரசல் ஆழமாகப் போயிருக்கிறது, அல்லது தோலே தளர்ந்த ரகம்.

### நிறம் இல்லை, ஆனால் தோல் வழுவழுக்கிறது என்றால்

உரசிய இடத்தில் ஒரு துளித் தண்ணீர் விடுங்கள். பரவி உள்ளே இறங்கினால் நல்லது. தாமரை இலைத் தண்ணீராக முத்துப்போல் நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது. தோலின் புரதத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் முனைகள் ஏராளம். பசையும் அதே முனைகளைத்தான் பிடிக்கிறது. எண்ணெயின் நீளமான கார்பன் சங்கிலிக்கு அப்படி முனை கிடையாது, அது போர்வைபோல் மூடிக்கொள்கிறது. தண்ணீரை ஏற்காத முகம் பசையையும் அநேகமாக ஏற்காது.

எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி துளி விடுங்கள். துணியைத் திருப்பித் திருப்பி, சுத்தமான பக்கத்தால் துடைக்க வேண்டும்; அழுக்குத் துணியால் துடைப்பது எண்ணெயை இடம் மாற்றி வைப்பதுதான். இரண்டு முறை துடைத்தும் துளி முத்தாகவே நின்றால், தோல் உள்ளேயே எண்ணெய் ஊறிய ரகம். அடுத்த படி, பசைக்கு முன் பூசுகிற, தோலுக்கான பிரைமர் ஒரு பூச்சு. அதுவும் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் புகாமல் பதனிட்ட தோலாக இருந்தால் பட்டறையில் தீராது. தோல் கொடுத்த டேனரியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

## அறிகுறி 2: பசை முழுக்கத் தோலில், சோல் கண்ணாடிபோல் வெறுமை

இதுதான் அதிகமாக வருவது, அதிகமாகத் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். சோல் என்ன பொருள் என்று தெரியாமலேயே ஒட்டுகிறார்கள். விற்றவர் சொன்ன பெயரை நம்பாதீர்கள்.

### சோல் எது என்று கண்டுபிடிக்க

பசை, கரைப்பான் எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளிக்குப் போங்கள். புகையை முகராதீர்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் சோலின் மறைவான ஓரத்தில் வையுங்கள். உருகாமல் கருகி, டயர் எரிகிற வாடை வந்தால் கந்தகமிட்டு வேகவைத்த ரப்பர். உருகி நூலாக இழுபட்டால் பி.வி.சி. பிளாஸ்டிக் அல்லது டி.பி.ஆர். (சூட்டில் இளகும் ரப்பர்) என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரிக்க ஒரு செம்புக்கம்பியைச் சுடரில் நன்றாகக் காய்ச்சி, சோலில் தொட்டு, மறுபடி சுடருக்குள் நீட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது, அது பி.வி.சி. பச்சை வராவிட்டால் வேறு ஒரு துண்டில் ஒரு துளி டொலுயீன் கரைப்பான் விடுங்கள். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் டி.பி.ஆர். கையில் எடுத்தால் பஞ்சுபோல் எடையே இல்லாத சோல் பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற நுரைப் பிளாஸ்டிக்.

### எந்தச் சோலானாலும் முதல் சந்தேகம்

அச்சிலிருந்து சோல் எளிதாகக் கழல வேண்டும் என்று தெளிக்கிற சிலிக்கோன் அல்லது மெழுகு. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர்த் துளிச் சோதனையைத் துடைக்காத இடத்திலும் துடைத்த இடத்திலும் செய்து ஒப்பிடுங்கள். ரப்பர், பி.யு. சோல் என்றால் லேசாக உரசிவிட்டுத் துடைப்பது நல்லது. பாதித் தகராறு இங்கேயே முடிந்துவிடும், செலவு ஒரு முழத் துணி.

### ரப்பர், டி.பி.ஆர். என்றால்

துடைத்தும் உரசியும் பிடிக்கவில்லையா? அது அழுக்கின் குற்றம் அல்ல, பொருளின் இயல்பு. இந்த ரப்பர்களின் மூலக்கூறு கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த சங்கிலி. மின்சுமை எங்கும் சீராகப் பரவிக் கிடப்பதால், பி.யு. பசை பிடித்துக்கொள்ள நேர்முனையும் இல்லை, எதிர்முனையும் இல்லை. ஆலஜன் பிரைமர், அதாவது குளோரின் தருகிற பிரைமர், இதைத்தான் மாற்றுகிறது. அதில் உள்ள டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் குளோரினை நட்டுவைக்கிறது. குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்த இடத்தில் பசைக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

பிரைமர் போட்டும் பிரிகிறதா? முதலில் கலக்கிய நேரத்தைப் பாருங்கள். நேற்றுக் கலக்கிய பிரைமர் இன்றைக்கு உதவாது. அடுத்து, பூசியதற்கும் பசை தடவியதற்கும் இடையே தயாரிப்பாளர் எழுதியுள்ள நேரத்தை விட்டீர்களா என்று பாருங்கள். மூன்றாவது, இரண்டு மூன்று பூச்சு கனமாகப் போட்டுவிட்டீர்களா? "கூடுதலாகப் போட்டால் கூடுதலாகப் பிடிக்கும்" என்று நினைக்காத ஆள் இல்லை. அளவு மீறினால் ரப்பரின் மேற்பரப்பு அப்பளம்போல் நொறுங்கும் தன்மைக்கு வந்து, பசையோடு சேர்ந்து அதுவே கழன்றுவிடும். பிரிந்த பசைமீது மெல்லிய ரப்பர்த் தூள் படிந்திருந்தால் இதுதான். இந்தப் பிரைமருக்கு நீச்சல் குளத்து வாடை இருக்கும்; வாடை கண்ணைக் கரித்தால் காற்றோட்டம் போதவில்லை.

### பி.வி.சி. என்றால்

இதற்கு ஆலஜன் பிரைமர் தேவையில்லை, குளோரின் ஏற்கெனவே சங்கிலியிலேயே இருக்கிறது. எம்.இ.கே. துடைப்பு, பி.யு. பசை. அவ்வளவுதான். நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர்ப் பசை போட்டிருந்தால் நான்காம் அறிகுறிக்குப் போங்கள்.

### ஈ.வி.ஏ. என்றால்

இதற்கென்றே உள்ள பிரைமரைப் பூசிப் புற ஊதா விளக்கின்கீழ் அனுப்ப வேண்டும். விளக்கு இல்லாத சிறு பட்டறைகள் பெரிய ஆர்டரை ஏற்பதற்கு முன் விளக்கு உள்ளவரிடம் அந்த வேலையை மட்டும் கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனம். பிடிக்காத சோலோடு மல்லுக்கட்டி இரண்டு வாரம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

சோல் எதுவென்று தெரிந்து, துடைத்து, சரியான பிரைமர் போட்டும் மூன்று ஜோடி தொடர்ந்து பிரிந்தால் பசைக் கம்பெனியின் தொழில்நுட்ப அலுவலரைக் கூப்பிடுங்கள். இன்னும் பசை தடவாத சோல் ஒன்று, மேல்தோல் துண்டு ஒன்று, பிரிந்த ஜோடி ஒன்று, டின்னில் உள்ள தொகுதி எண் இந்த நான்கும் தயாராக இருக்கட்டும். வெறும் வாயால் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் முடியும். ஏற்றுமதிச் சரக்கு, வாங்குபவரோடு தகராறு என்று போனால் எழுத்தில் சோதனை முடிவு வேண்டும். சென்னை அடையாற்றில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ வேறு காலணிச் சோதனைக்கூடத்துக்கோ மாதிரியை அனுப்பலாம்.

## அறிகுறி 3: பசை இரண்டு பக்கமும் இருக்கிறது

இங்கே தோலும் சோலும் குற்றமற்றவை. இரண்டு பசைப் படலங்களும் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

### இரண்டு முகமும் பளபளவென்று இருந்தால்

சூடு போதவில்லை. சோல் ஒட்டும் பி.யு. பசையின் சங்கிலிகள் காய்ந்ததும் விறகுக்கட்டுபோல் வரிசையாக அடுக்கிக்கொண்டு இறுகிவிடும். சூட்டில் அந்த அடுக்கு குலைந்தால்தான் இந்தப் பக்கச் சங்கிலி அந்தப் பக்கத்தோடு பின்னிக்கொள்ளும். குலையாமல் அழுத்தினால் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வைத்த கதைதான். பசைப் படலத்தைச் சூடேற்றும் விளக்குப் பெட்டியில் காட்டும் சூட்டை நம்பாதீர்கள். அது பெட்டியின் சூடு. பசைப் படலத்தின் மேல் வெப்பமானியைக் காட்டி அளந்தால் பெரும்பாலான பசைகளுக்கு 55 முதல் 70 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உடனே பொருத்தி அழுத்துங்கள். ஒட்டுகிறவர் பக்கத்து ஆளோடு ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் படலம் ஆறிவிடுகிறது. பெட்டியின் விளக்கு பழுதா, மின்விசிறிக் காற்று நேரே அடிக்கிறதா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் மின்விசிறியைத் திருப்பி வைத்தே தீர்ந்த கேஸ்கள் உண்டு.

### முகம் மங்கி, வெண்மை பூத்திருந்தால்

ஈரம். என் நாற்பது ஜோடியில் நடந்தது இதுதான். விளக்கைச் சாய்த்தபோது படலத்தின்மேல் விடியற்காலை ஜன்னல் கண்ணாடியில் படிகிற ஆவிபோல் ஒரு பூப்பு. விரலால் தேய்த்தால் தேய்த்த தடம் தெரிந்தது. கரைப்பான் ஆவியாகும்போது படலத்திலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. படலம் குளிர்கிறது. மழைநாளில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது, பனிக்கட்டியில் வைத்த சோடா பாட்டில் வியர்ப்பதுபோல் அந்தப் படலமும் வியர்க்கிறது.

தண்ணீர் ஏன் இவ்வளவு கெடுதல்? அதன் மூலக்கூறு நேர்கோடாக இல்லை, 104.5 பாகைக்கு வளைந்திருக்கிறது. ஆக்சிஜன் பக்கம் எதிர்முனை, ஹைட்ரஜன் பக்கம் நேர்முனை. கார்பன் டை ஆக்சைடுபோல் நேராக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுவையும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். வளைந்திருப்பதால், பசை எந்த முனைகளைப் பிடிக்க வேண்டுமோ அந்த முனைகளில் தண்ணீர் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது.

தீர்வுக்குப் பணமே வேண்டாம். மழை நாளில் காய்வதற்குக் கூடுதல் நேரம் விடுங்கள். பசை தடவிய சோல்களைக் கதவோரத்தில் அடுக்காதீர்கள். மேல்தோலையும் சோலையும் முதல் நாளே உள்ளறையில் வைத்துவிடுங்கள். தீராவிட்டால் அடுத்த செலவு, மெல்லிய வெதுவெதுப்பான காற்று வரும் உலர்த்தும் பெட்டி. மே மாத வேலூர் வெயிலில் இதே பட்டறையில் இந்தக் கோளாறு ஒருமுறைகூட வந்ததில்லை. அதனால்தான் நவம்பரில் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

### பசை மென்மையாக நூல்போல் இழுபட்டால்

ஒன்று, கரைப்பான் முழுக்கப் போகவில்லை. முகர்ந்தால் வாடை இருக்கும். இரண்டு, ஹார்டனர் (பசையை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) சேர்க்கவில்லை அல்லது கண்ணளவில் ஊற்றியிருக்கிறார்கள். தராசில் நிறுத்துச் சேருங்கள். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு என்பதுதான் வழக்கம், ஆனால் உங்கள் பசையின் தாளில் உள்ள எண்ணே கணக்கு.

## அறிகுறி 4: அன்று உறுதி, சில வாரம் கழித்துப் பிரிகிறது

### பிரிந்த பசை மென்ற சூயிங்கம்போல் இருந்தால்

பி.வி.சி. சோலும் நியோபிரீன் பசையும் சேர்ந்திருக்கின்றன. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை வளையவைக்க எண்ணெய்போன்ற மென்மையாக்கி சேர்க்கிறார்கள். அது சங்கிலியோடு பிணைந்து நிற்பதில்லை, இடையில் செருகி இருக்கிறது, மெல்ல நகர்ந்து பசைக்குள் போய் அதையும் இளக்கிவிடுகிறது. பழைய பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு பி.யு. பசையால் ஒட்டுங்கள். அதே நியோபிரீனை மறுபடி தடவினால் அதே வாடிக்கையாளர் அடுத்த மாதம் வாசலில் நிற்பார்.

### வெயிலில் நிறுத்திய காரில் வைத்திருந்த ஷூ என்றால்

பூட்டிய காரின் உள்சூடு கோடையில் பசைச் சங்கிலிகளின் விறகுக்கட்டு அடுக்கை மறுபடி குலைக்கப் போதுமானது. ஹார்டனர் சேர்த்த பசையில் சங்கிலிகளுக்கிடையே உண்மையான வேதிப் பிணைப்பு விழுந்திருக்கும். சூடு அதை அசைக்காது. சேர்க்காத பசையில் வெறும் இழுவைதான், நழுவிவிடும். இந்த ஊர் வெயிலுக்கு ஹார்டனர் இல்லாமல் ஒட்டவே கூடாது என்பது என் கட்சி.

## அறிகுறி 5: டின்னிலேயே கோளாறு

கலக்கிய பசை ஜெல்லியாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது. கரைப்பான் ஊற்றி நீர்க்கச் செய்து பயன்படுத்தாதீர்கள், உள்ளே பிணைப்பு விழுந்தது விழுந்ததுதான். ஹார்டனர் புட்டி உப்பியிருந்தாலோ உள்ளே வெண்மையாகக் கட்டியிருந்தாலோ ஈரம் புகுந்திருக்கிறது. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரைச் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். உப்பிய புட்டியை முகத்துக்கு நேரே திறக்க வேண்டாம், இறுக மூடியும் வைக்க வேண்டாம்.

## அறிகுறி 6: மூக்கிலோ குதிகாலிலோ மட்டும் பிரிகிறது

இது வேதியியல் அல்ல. பசை ஓரம்வரை எட்டவில்லை, அல்லது பிரஸ்ஸின் ரப்பர் மெத்தை அந்த இடத்தில் அழுந்தவில்லை. சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே கார்பன் தாள் வைத்து ஒருமுறை அழுத்துங்கள். தடம் விழாத இடமே பிரிகிற இடம். சோலின் வளைவும் ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் அச்சின் வளைவும் பொருந்தாவிட்டால் பசையால் அதை ஈடுகட்ட முடியாது. சோல் கொடுத்தவரிடம் திருப்பிவிடுங்கள்.

## அறிகுறி 7: ஒட்டு நிற்கிறது, சோலே பொடிகிறது

கல்யாணத்துக்கு வாங்கி, பீரோவில் ஆறேழு வருடம் பத்திரமாக வைத்திருந்த ஷூவை எடுத்து நடந்தால், பழைய ரஸ்க்போல் சோல் உதிர்கிறது. பாலியெஸ்டர் வகை பி.யு. சோலில் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறது. எந்தப் பசையும் உதவாது. வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு முழுச் சோலையும் மாற்றுங்கள். மாற்றும்போது ரப்பரோ டி.பி.ஆரோ போடுங்கள்.

## அறிகுறி 8: ஒட்டுகிறவருக்கு மூச்சு இரைக்கிறது

வேலை நாளில் மார்பு இறுகுகிறது, இரவில் இருமல், ஞாயிற்றுக்கிழமை சுகமாக இருக்கிறது என்றால் ஹார்டனரைச் சந்தேகியுங்கள். ஐசோசயனேட் ஆவி சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழகிப் பகைத்துக்கொண்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாங்காது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அவரை அன்றைக்கே பசை மேசையிலிருந்து நகர்த்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஹார்டனர் புட்டியின் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். திரும்பி வந்ததும் மேசைக்குப் பின்னால் காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் பொருத்துங்கள், முகத்துக்கு எதிரே அல்ல, பசைக்கு அந்தப் பக்கம்.